கோல்ட் சோர் என்றால் ‘குளிர் புண்’ இல்லை

முதல் நாள் உதட்டு ஓரத்தில் சுருசுருவென்று ஒரு அரிப்பு. மறுநாள் காலையில் கண்ணாடி பார்த்தால் கடுகு கடுகாக நாலைந்து நீர்க் கொப்புளங்கள் கூட்டமாக நிற்கும், அப்புறம் அவை உடைந்து நீர் வடிந்து தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும். இதைத்தான் ஆங்கிலத்தில் கோல்ட் சோர் என்கிறார்கள். தமிழில் என்னவென்று இணையத்தில் தேடிப் பாருங்கள், ‘குளிர் புண்’ என்று வரும். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதை நம்புகிறவர் ஐஸ்கிரீமையும் ஃபிரிட்ஜ் தண்ணீரையும் நிறுத்திவிட்டு, உண்மையில் நிறுத்த வேண்டியதை நிறுத்தாமல் விட்டுவிடுவார்.

கோல்ட் என்ற சொல்லுக்குக் குளிர் என்றும் பொருள் உண்டு, ஜலதோஷம் என்றும் பொருள் உண்டு. இங்கே இரண்டாவது பொருள். இலங்கைத் தமிழர்கள் தடிமன் என்பார்களே, அது. சளி பிடித்துக் காய்ச்சல் அடிக்கும் நாட்களில் உதட்டில் வந்து நிற்பதால் அந்தப் பெயர் வந்தது. ஆங்கிலத்திலேயே இதற்கு ஃபீவர் பிளிஸ்டர், அதாவது காய்ச்சல் கொப்புளம் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது.

நம் வீடுகளில் இதற்கு நேர் எதிராகச் சொல்வோம்: ‘உடம்பு சூடு’. உடனே இளநீர், மோர், நல்லெண்ணெய்க் குளியல். இவை நல்லவைதான், ஆனால் இந்தக் கொப்புளத்துக்கு மருந்து இல்லை. சூடு என்று சொன்னதில் கவனிக்க வேண்டிய ஒன்று மட்டும் இருக்கிறது. கத்திரி வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் சிலருக்கு ரெண்டு மூன்று நாளில் உதட்டில் கிளம்பிவிடும். அது உள்சூடு அல்ல, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் செய்கிற வேலை. அதைக் கண்ணால் கண்டுதான் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், காரணத்தைத்தான் வேறாகப் புரிந்துகொண்டார்கள்.

சரி, மருத்துவர் என்ன சொல்கிறார்? ஹெர்பிஸ் லேபியாலிஸ். லேபியம் என்றால் லத்தீனில் உதடு. ஹெர்பிஸ் என்பதுதான் சுவையான சொல். கிரேக்கத்தில் ‘ஹெர்பெய்ன்’ என்றால் ஊர்தல். தோலில் ஊர்ந்து பரவும் புண்களுக்குப் பழைய கிரேக்க மருத்துவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். பாம்பு, பல்லி போன்ற ஊர்வனவற்றை ஆராயும் துறைக்கு ஹெர்பெட்டாலஜி என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். இன்னும் கொஞ்சம் தோண்டினால் நமக்குத் தெரிந்த சொல்லிலேயே வந்து முட்டும். வடமொழியில் சொல்லின் முதலில் வரும் ‘ச’ கிரேக்கத்தில் ‘ஹ’ ஆக நிற்கும். ஏழுக்கு அங்கே ‘சப்த’, இங்கே ‘ஹெப்டா’. அப்படிப் பார்த்தால் ஹெர்பிஸும் நாம் கடன் வாங்கிப் புழங்கும் ‘சர்ப்பம்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஆயுர்வேதத்தில் பரவிச் செல்லும் ஒரு தோல்நோய்க்கு ‘விசர்ப்பம்’ என்று பெயர் இருப்பதும் அதே எண்ணத்தில்தான். எங்கோ இருந்த ரெண்டு மருத்துவ மரபுகள் தோல்நோய்க்குப் பெயர் வைக்கும்போது ‘ஊர்கிறது’ என்றே யோசித்திருக்கின்றன.

தமிழ் அப்படி யோசிக்கவில்லை, எரிச்சலைப் பார்த்தது. நம்மிடம் இருக்கும் சொல் ‘அக்கி’. அக்னி என்பதன் திரிபாகவே இதைச் சொல்வார்கள். நெருப்புப் பட்டதுபோல் எரிந்து கொப்புளிப்பதால் பொருத்தமான பெயர்தான். ஆனால் ஊரில் அக்கி என்றால் பெரும்பாலும் முதுகிலோ விலாவிலோ ஒரு பக்கமாகப் பட்டைபோல் வருவதைத்தான் நினைப்போம். அதற்குக் குயவரிடம் போய்ச் செங்காவி பூசி உருவம் எழுதி வருவதும் வழக்கம், ‘அக்கி எழுதுதல்’ என்று அதற்கே தனிப்பெயர் உண்டு. மருத்துவத்தில் அது ஹெர்பிஸ் சோஸ்டர். சோஸ்டர் என்றால் இடுப்புக் கச்சை. சின்னம்மையைத் தரும் வைரஸ் பல வருடம் நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்புவதால் வருவது அது. உதட்டில் வருவது வேறு வைரஸ், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் ஒன்றாம் வகை. ரெண்டும் ஒரே குடும்பம், ஒளிந்திருந்து திரும்ப வரும் குணமும் ஒன்று. ஆகையால் மருத்துவக் கட்டுரைகளுக்கு ‘உதட்டு அக்கி’ என்பதே சரியான தமிழ் என்று நான் சொல்வேன். வீட்டுப் பேச்சுக்கு ‘உதட்டுக் கொப்புளம்’ போதும். கொப்புளம் என்ற சொல் நீர்க்குமிழியையும் குறிக்கும், பார்த்தவுடன் கண்ணில் படுவதும் அதுதானே.

‘வாய்ப்புண்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கன்னத்தின் உள்பக்கமும் நாக்கிலும் வெள்ளையாகக் குழிந்து வருகிற சாதாரண வாய்ப்புண் வேறு, அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. உதட்டு அக்கி தொற்றும். ரெண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் நடக்கிறது: மணத்தக்காளிக் கீரை, ஒரு பட்டை பி காம்ப்ளக்ஸ் மாத்திரை. எனக்கே ஒருமுறை மருந்துக்கடையில் அதைத்தான் கொடுத்தார்கள், நானும் ‘வாய்ப்புண்’ என்றுதானே கேட்டேன்! பத்து நாளில் ஆறியது. மாத்திரையால்தான் ஆறியது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது எதுவும் செய்யாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாக ஆறிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த வைரஸ் பெரும்பாலும் சின்ன வயதில் முத்தத்திலோ எச்சிலிலோ வந்து சேர்கிறது. பலருக்கு ஒன்றும் தெரியாது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் ஈறு வீக்கமும் வாய் முழுக்கக் கொப்புளமுமாக முதல் முறை கடுமையாக வரும், சாப்பிட மறுத்து எச்சில் ஒழுக அழும். அப்புறம் வைரஸ் முகத்து நரம்பு வழியாகப் போய்க் காதுக்கு முன்னால் மண்டையோட்டுக்குள் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் தங்கிவிடும். அங்கிருந்து அதை வெளியேற்ற இன்று வரை மருந்து இல்லை. காய்ச்சல், வெயில், தூக்கமின்மை, மன உளைச்சல், மாதவிடாய், உதட்டில் பட்ட காயம், இப்படி ஏதோ ஒன்று தூண்டினால் வந்த வழியே திரும்பி உதட்டுக்கு வரும். உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 விழுக்காட்டினரிடம் இது இருக்கிறது. அதனால் ஹெர்பிஸ் என்ற சொல்லைப் படித்ததும் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் யாரும் குன்றிப்போக வேண்டாம். பிறப்புறுப்பில் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. ஆனால் வாய்வழி உறவில் ஒன்றாம் வகையும் அங்கே தொற்றும், ஆகவே கொப்புளம் இருக்கும்போது அதையும் தவிர்க்க வேண்டும்.

மருந்தின் பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. அசைக்ளோவிர் என்பதில் ‘அ’ இல்லாமையைக் குறிக்கிறது, நம் ‘அநீதி’யில் வருவதுபோல. ‘சைக்ளோ’ வளையம். வைரஸ் தன்னைப் படியெடுக்கத் தேவையான கட்டுமானப் பொருள்போலவே இருக்கும், ஆனால் அதன் சர்க்கரை வளையம் மூடியிருக்காது. தெரியாமல் அதை எடுத்துக் கோத்த வைரஸ் மேலே கோக்க முடியாமல் நின்றுவிடும். இந்த மருந்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியன் 1988-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுருசுருப்புத் தொடங்கிய உடனே போட்டால்தான் களிம்பு கொஞ்சமாவது பலன் தரும், பொருக்குத் தட்டிய பின் போட்டு என்ன பயன். அடிக்கடி வருகிறவர்கள் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். பற்பசை, சுண்ணாம்பு, காவி எதையும் அப்ப வேண்டாம். வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றலாம், காய்ந்து வெடிக்காமல் கொஞ்சம் வாசலின். வெயிலில் போகிறவர்களுக்கு வெயில்காப்பு அளவு (SPF) 30 உள்ள லிப் பாம், ஒரு தொப்பி.

கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது, தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்தக் கையைக் கண்ணில் வைக்கவே கூடாது, கருவிழியில் தொற்றினால் பார்வையே கெடலாம். கண் சிவந்து வலித்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலோ, புற்றுநோய் மருந்துபோல் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையில் இருந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். ‘எச்சில் பண்ணாதே’ என்று பாட்டிகள் சொல்வதும், சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பதும் இந்த நாட்களுக்கு அப்படியே பொருந்தும்.

பச்சைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் ரொம்பக் கவனம். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் மூளை வரை போய் உயிரையே எடுக்கலாம். அந்த வயதில் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடம்பில் கொப்புளம் தெரிந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கொப்புளம் இல்லாதபோதும் சில நேரம் எச்சிலில் வைரஸ் இருக்கும் என்பதால் யாருமே பச்சைக்குழந்தையின் வாயில் முத்தம் கொடுக்காமல் இருப்பது நல்லது. என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது எனக்கு உதட்டில் பொருக்கு இருந்தது. ‘சூடுதான், ஒண்ணுமில்லை, வாங்க சித்தி’ என்றாள். ‘சூடு இல்லம்மா, இது அக்கி, ஒட்டும். உதிரட்டும், அடுத்த வாரம் வரேன்’ என்றேன். அக்கி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.