கொடிமலைக்குக் கயிறு, நீலகிரிக்குப் பல்

மலேசியாவின் பினாங்கிலுள்ள கொடிமலை ரயிலில் ஏறிப் பழகியவர்கள், தமிழ்நாட்டின் நீலகிரி மலை ரயிலில் ஊட்டிக்குப் போகும்போது கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "நம்ம ஊர்ல பத்து நிமிஷத்துல உச்சிக்குக் கொண்டுபோயிடுறாங்க, இங்க மட்டும் ஏன் ஐந்து மணி நேரம்?"

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். அடிவாரத்து ஆயர் ஈத்தாமிலிருந்து கொடிமலை உச்சி 2 கிலோமீட்டர்தான். ஆனால் தூரம் மட்டும் காரணம் இல்லை. இரண்டும் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடினாலும் மலையேறும் விதம் அடியோடு வேறு. அதிலும் ஓர் அழகு: கொடிமலைப் பாதையின் நடுவில் இருக்கும் ஒரு நுட்பத்தையும், நீலகிரிப் பாதையின் நடுவில் பதித்திருக்கும் பற்களையும் உருவாக்கியவர் ஒருவரே. சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட்.

முதலில், சாதாரண ரயில் ஏன் மலையேறாது என்று பார்ப்போம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் வழுக்கும். காய்ந்த தண்டவாளத்தில், தன்மேல் அழுந்தும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு விசையைத்தான் சக்கரம் தரமுடியும். மழை பெய்தாலோ, இலை நசுங்கிச் சாறு படிந்தாலோ அது எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு கணக்குப் போடுவோம். இன்ஜின் 50 டன், பெட்டிகள் 90 டன், மொத்தம் 140 டன். நீலகிரியின் கடுமையான ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது நூற்றுக்கு 8. அந்த ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் நிற்கவே 11 டன் விசை தேவை. இயக்கும் சக்கரங்களின் மேல் 40 டன் அழுந்தினால் கிடைப்பது வெயிலில் 10 டன், மழையில் 5 டன். சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

கொடிமலை இதைவிடச் செங்குத்து. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. அதனால் அங்கே சக்கரத்தை நம்புவதே இல்லை. அது வண்டியைத் தாங்க மட்டும்தான். வேலை முழுவதும் கம்பிவடத்துடையது. இரட்டை வாளிக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பியின் ஒருபக்கம் நிறைந்த வாளி மேலே வர, மறுபக்கம் காலி வாளி கீழே இறங்கும். கொடிமலையில் உச்சி நிலையத்தில் இருக்கும் பெரிய சக்கரம்தான் கப்பி. இரண்டு ரயில் பெட்டிகள் வாளிகள். பெட்டிகளின் எடை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், மோட்டார் இழுக்க வேண்டியது ஆள் எடையின் வித்தியாசத்தையும் கம்பிவடத்தின் எடையையும் உராய்வையும் மட்டுமே. மேலே போகும் பெட்டியில் 100 பேர், கீழே வருவது காலி என்றாலும், அந்த வித்தியாசம் ஆறரை டன் அளவுதான்.

இரண்டு பெட்டி, ஒரே தண்டவாளம். எதிரெதிரே வந்தால்? பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. அங்கே அசையும் பாகமோ, தடம் மாற்றும் ஆளோ கிடையாது. சூட்சுமம் பெட்டியின் சக்கரத்தில் இருக்கிறது. ஒருபக்கச் சக்கரங்களுக்கு இருபுறமும் விளிம்பு உண்டு, தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டே ஓடும். மறுபக்கச் சக்கரங்களுக்கு விளிம்பே இல்லை, அகலமான உருளைகள். கம்பிவடம் போவதற்காகத் தண்டவாளத்தில் விட்டிருக்கும் இடைவெளியை அப்படியே தாண்டிவிடும். ஒரு பெட்டிக்கு இடப்பக்கம் கவ்வும் சக்கரம் என்றால் மற்றதற்கு வலப்பக்கம். ஆகவே ஒன்று எப்போதும் இடப்பாதையிலும் மற்றது எப்போதும் வலப்பாதையிலும்தான் போகும், ஏறினாலும் இறங்கினாலும். ஆப்ட் 1879இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அடுத்த முறை கொடிமலை உச்சிக் கோயிலில் அருளொளி முருகனைப் பார்க்கப் போகும்போது முன் கண்ணாடி ஓரம் நின்று இதைக் கவனியுங்கள்.

கம்பிவடம் தொய்ந்தாலோ வேகம் மிஞ்சினாலோ பெட்டியின் அடியிலுள்ள பிடிகள் தண்டவாளத்தையே இறுக்கிக்கொள்ளும். நடுவழியில் வண்டி நின்றால் பலர் பதறிவிடுகிறார்கள். நிற்கத் தெரிந்த வண்டிதான் பத்திரமான வண்டி.

இதையே நீலகிரியில் செய்திருக்கலாமே என்றால், முடியாது. இந்த வேலைக்கான எஃகுக் கம்பிவடம் மீட்டருக்குச் சுமார் 6 கிலோ. 2 கிலோமீட்டருக்கு 12 டன், சமாளிக்கலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள சுமார் 20 கிலோமீட்டருக்கு 120 டன்! ஏற்ற வேண்டிய பெட்டிகளைவிடக் கயிறே கனமாகிவிடும். போதாததற்கு முழுப்பாதையில் 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள்.

அங்கேதான் பல் வருகிறது. இரு தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு எஃகுச் சட்டங்களை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது அடுத்த சட்டத்தின் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும். குலுக்கல் குறையும், பிடி ஒரு கணமும் விடுபடாது.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உருவான நீராவி இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டும் சாதாரணச் சக்கரங்களுக்கு, மேலே உள்ள இரண்டும் பல்சக்கரங்களுக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை மேல் சிலிண்டர்களின் தண்டுகள் சும்மா கிடக்கும். பல் தொடங்கும் இடத்தில் வண்டி நடைவேகத்துக்குக் குறையும், பற்கள் பொருந்தும், மேல் தண்டுகளும் ஆடத் தொடங்கும். கீழ்ச் சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவிதான் மேலே போய் இரண்டாம் முறை உழைக்கிறது. சக்கரம் வழுக்கினால் கீழிருந்து வரும் நீராவி கூடும். மேலே அழுத்தம் ஏறி, பல்சக்கரத்துக்கு வலு கூடுகிறது. அதே அழுத்தம் கீழ்ச் சிலிண்டரைத் திருப்பித் தள்ளி வழுக்கலையும் அடக்குகிறது. ஓட்டுநர் கைவைக்காமலே தானாகச் சரியாகும் இந்த ஏற்பாட்டை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

பற்கள் சரியாகப் பொருந்திப் போகவேண்டும் என்பதால் அந்தப் பகுதியில் வேகம் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர்தான். நேரம் போவது இங்கேதான். ஏறும்போது இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். தேருக்கு முட்டுக்கட்டை போடுவதுபோலத்தான்: இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜின்மேல் சாய்ந்து நிற்கும். பெட்டிதோறும் ஒரு பிரேக்காளர் உண்டு. முன்பெட்டிக்காரர் கொடியசைத்துப் பாதை நிலவரத்தைச் சொல்வார். குன்னூருக்குமேல் ஏற்றம் தணிவதால் பல் இல்லை. அங்கிருந்து டீசல் இன்ஜின்.

போக நினைப்பவர்களுக்கு: வண்டி மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்பட்டு நண்பகல் வாக்கில் ஊட்டி சேரும். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் பிடித்துவிடலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். வார இறுதி இருக்கைகள் உடனே தீரும். 100 மீட்டருக்கு முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகக் குளிர் ஏறும். கொடிமலையில் 5 பாகை குறைகிறது என்றால், 2,200 மீட்டர் உயர ஊட்டியில் 14 பாகை குறையும். கம்பளிச் சட்டை கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிந்து பல் சட்டத்தை மூடிவிடுவதுண்டு. ஒரே ஒரு கல் பள்ளத்தில் சிக்கினாலும் பல்சக்கரம் மேலே எழும்பிவிடும் என்பதால், முழுப்பாதையையும் துப்புரவாக்கும்வரை வண்டியை ரத்து செய்வார்கள். அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறலாம்; வாடகைக் கார் என்றால் நீலகிரிக்குள் வாகனம் நுழைவதற்கான இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.