வார இறுதியில் மட்டும் சூடு வராத டிரையர்

மலேசியாவில் இப்போது எந்தத் தாமானுக்குப் (குடியிருப்புப் பகுதிக்குப்) போனாலும் ஒரு சுயசேவை டோபி (சலவைக் கடை) இருக்கிறது. அந்தக் கடைகளின் கேஸ் டிரையர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. சென்ற வாரம் ஒரு கடையில் டிரையரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். சூடு எல்லை மீறினால் தீயை அணைக்கும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். விட்டு விட்டுச் சூடு வருகிறது என்ற புகாருக்கு யாரோ பார்த்த வைத்தியம். சூடு என்னவோ நன்றாக வந்தது. பர்னர் பெட்டிக்குள் படிந்திருந்த பஞ்சு பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருந்தது. இப்படி நிறையப் பார்த்துவிட்டேன், இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலாளிகள் போன் எடுத்ததும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "போர்டு போச்சு, புது போர்டு கொண்டு வாங்க." கொஞ்சம் யோசியுங்கள். போர்டு என்பது டிரையரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை, அது தானாக முடிவெடுத்துத் தீயை அணைப்பதில்லை. கதவு மூடியிருக்கிறதா, காற்று ஓடுகிறதா, வெப்பம் எல்லைக்குள் இருக்கிறதா என்று வரிசையாகச் சில சுவிட்சுகள் சொல்ல வேண்டும். எல்லாம் சரி என்றால்தான் அது ஸ்பார்க் கொடுத்து வால்வைத் திறக்கும். சில நொடிகளுக்குள் தீ தெரியாவிட்டால் வால்வை மூடிவிடும். பெரும்பாலான மாடல்களில் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு லாக் ஆகிவிடும். அதாவது, போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் சூடு நின்றிருக்கிறது. சால்டர் விட்டுப்போன போர்டையும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்காக ஓடிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் வந்ததும் ஒரே வரிசையில் நான்கு டிரையரின் போர்டுகள் கெட்டுப்போகுமா? புது போர்டு போட்ட மறுவாரமும் அதே புகார் வருகிறது. அப்போதும் "போர்டு டூப்ளிகேட்" என்கிறார்கள்!

கூட்டம் வந்தால் மட்டும் வரும் கோளாறு என்றால் நான் முதலில் பார்ப்பது காற்றை. கேஸ் டிரையர் உள்ளே இழுக்கும் காற்றையெல்லாம் வெளியே தள்ளியாக வேண்டும். பல டிரையர்களின் புகைக்குழாய் ஒரே பெரிய குழாயில் சேரும் கடைகளில், இரண்டு டிரையர் ஓடும்போது பிரச்சினை தெரியாது. எட்டு டிரையரும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்தக் குழாய்க்குள் எதிரழுத்தம் ஏறும். காற்றோட்டம் குறைந்ததும் ஏர்ஃப்ளோ சுவிட்சின் தகடு படபடத்துத் திறந்துகொள்ளும், தீ அணையும். இல்லாவிட்டால் பர்னர் பக்கம் சூடு தேங்கி ஹை லிமிட் திறக்கும். ஆறியதும் மூடும், மறுபடி எரியும். உள்ளே துணி ஈரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும், ரிங்கிட் போட்டவர் கோபத்தோடு நிற்பார்.

"தினமும் பஞ்சு வலையைச் சுத்தம் பண்றோமே" என்பார்கள். வலை வேறு, குழாய் வேறு. வலையைத் தாண்டிப் போகும் நுண்ணிய பஞ்சு குழாயின் வளைவுகளில் படிகிறது. பறவை கூடு கட்டுகிறது என்று குழாயின் வெளி வாயில் கம்பி வலை அடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள். சில வாரங்களிலேயே அந்த வலையில் பஞ்சு கம்பளி போலப் படர்ந்துவிடும்.

வெளியே போகும் காற்றைப் பற்றியாவது யாராவது கேட்கிறார்கள். உள்ளே வர வேண்டிய காற்றைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. டிரையர்களுக்குப் பின்னால் இருக்கும் ஒடுக்கமான சந்து சாமான் அறை இல்லை, டிரையர்கள் மூச்சு விடும் இடம். எலி வருகிறது, மழைச்சாரல் அடிக்கிறது என்று அங்குள்ள ஜன்னலைப் பலகையால் அடைத்துவிட்டு, சோப்புப் பெட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த எளிய சோதனை: எல்லா டிரையரையும் ஓடவிட்டுப் பின்கதவைத் திறந்து வையுங்கள். அப்போது மட்டும் தீ நிலையாக எரிந்தால் கோளாறு மெஷினில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. காற்றுப் போதாமல் எரியும் தீ மஞ்சளாக ஆடும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு துணி காயக் காத்திருப்பவர்கள் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காற்று சரி என்றால் அடுத்தது கேஸ். சாதாரண அளவுள்ள ஒரு டிரையரின் பர்னர் மணிக்கு 70,000 முதல் 90,000 பிடியு (வெப்பத்தின் அளவு) வரை எடுக்கும். இடைவிடாமல் எரிந்தால் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எல்பிஜி. எட்டும் சேர்ந்து எரிந்தால் 12 கிலோவுக்கு மேல். சிலிண்டருக்குள் திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் சில்லிட்டு வியர்க்கும், அழுத்தம் இறங்கும். மழை பெய்யும் இரவில் இன்னும் சீக்கிரம். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் பாதி கனம் இருக்கும், கேஸ் மட்டும் போதாது. இதற்குப் பர்னருக்குக் கேஸ் வரும் நாசில் துளையைப் பெரிதாக்குவது மருந்தே இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் கடைக்குள் விடாதீர்கள். சிலிண்டர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அல்லது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசர் வைக்க வேண்டும்.

டெக்னீஷியன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மெஷின் எதுவும் ஓடாதபோது கேஸ் அழுத்தம் பார்க்கும் மனோமீட்டரை மாட்டி, 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் காட்டுகிறது, எல்லாம் ஓகே என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். எல்லா பர்னரும் எரியும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அப்புறம் எர்த். தீ இருப்பதை போர்டு அறிவது தீயின் வழியே ஓடும் சில மைக்ரோ ஆம்பியர் மின்சாரத்தால். பர்னர் உடம்பில் எர்த் துருப்பிடித்திருந்தாலோ, தீயை உணரும் எலக்ட்ரோடின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, கண்ணுக்கு முன் தீ எரிந்தாலும் போர்டுக்குத் தெரியாது.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். ஆட்களை வெளியேற்றி, சிலிண்டர் பக்க வால்வை மூடிவிட்டுப் பிறகு போன் பண்ணுங்கள், அதுவும் வெளியே நின்று.

சூடு நின்றதும் எல்லாரும் முதலில் செய்வது மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவது. கொஞ்சம் பொறுங்கள். பல மாடல்களில் அதோடு எரர் கோடு அழிந்துவிடும், வந்து பார்ப்பவருக்குத் துப்பே இருக்காது. முதலில் திரையைப் போட்டோ எடுங்கள். எத்தனை டிரையர் ஓடிக்கொண்டிருந்தன, மணி என்ன, பின்கதவு திறந்திருந்ததா என்று எழுதி அதோடு அனுப்புங்கள். எந்தப் பாகத்தைக் கையோடு கொண்டுவருவது என்று அதைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.