மெலிந்த கைக்கு எந்த வேலை கொடுப்பது?

கையோ காலோ மெலிந்த பிள்ளையோடு பிசியோதெரபிக்கு வரும் பெற்றோர் பலர், இரண்டாவது மூன்றாவது சந்திப்பிலேயே பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலு பெயரை எடுத்துவிடுவார்கள். கூட வரும் தாத்தா கிரிக்கெட் பிரியர் என்றால் அந்தக் கால சுழற்பந்து வீச்சாளர் பி.எஸ். சந்திரசேகர். நல்லதுதான், நானும் அவர்களைப் பற்றிப் பேசுவதுண்டு. ஆனால் "மனசு வெச்சா எல்லாம் முடியும் சார்" என்பதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வேண்டிய பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்தக் கையிடம் என்ன வேலை கேட்டார்கள்? எதைக் கேட்காமல் விட்டார்கள்?

சந்திரசேகர் 1945இல் மைசூரில் பிறந்தவர். சிறு வயதில் வந்த போலியோவால் வலது கை சூம்பிப்போனது. பந்து வீசியதும் அதே கையால்தான். 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டது, அந்த மண்ணில் இந்தியா முதல் முறையாகத் தொடரை வென்றது. மெலிந்த கை சாட்டை போலச் சுழன்றதால்தான் லெக் ஸ்பின்னர்களிடம் அபூர்வமான அந்த வேகம் அவருக்கு வந்தது என்பார்கள். எடை குறைந்த கை எளிதாகச் சுழலும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. ஃபீல்டிங்கில் பந்தை எறிய அவர் இடது கையைத்தான் பயன்படுத்தினார். பேட்டிங் சுத்தமாக வரவில்லை. 58 டெஸ்டில் எடுத்த விக்கெட் 242, அடித்த ரன் 167! சுழற்றுவது வலது கைக்கு, எறிவது இடது கைக்கு, பேட்டிங் மற்றவர்களுக்கு என்று வேலை பிரிந்துவிட்டது. வலது கையை இடது கைக்குச் சமமாக்குவதிலேயே காலம் போயிருந்தால் நமக்கு ஓவல் கிடைத்திருக்காது.

மாரியப்பன் விஷயமும் ஏறக்குறைய இதுதான். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஓட்டப் பந்தயம் இரண்டு காலையும் மாறி மாறிச் சோதிக்கும். உயரம் தாண்டுதலில் கடைசி உந்தல் ஒரே காலில். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்த ஆசிரியரின் கண்ணுக்குத்தான் நான் முதல் மார்க் போடுவேன்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நல்ல கையையே பழக்கிடலாமே" என்று கிளம்பிவிடக் கூடாது. நிஜமாகவே போன பலம் வேறு, பழக்கமில்லாமல் கிடக்கும் பலம் வேறு. போலியோவில் தசையை இயக்கும் தண்டுவட நரம்புச் செல்கள் அழிகின்றன. அழிந்தவை திரும்ப வருவதில்லை. பக்கவாதத்திலும், மூளை பாதிப்பால் ஒரு பக்கம் மட்டும் வலுக்குறைந்த குழந்தைகளிடமும் நிலைமை வேறு. நல்ல கை எல்லாவற்றையும் செய்துவிடுவதால் மற்ற கையை மூளை கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அங்கே நாங்கள் நேர் எதிராகப் போவோம். நல்ல கைக்கு உறை மாட்டி, தினமும் சில மணி நேரம் மற்ற கையாலேயே விளையாட வைப்போம். பிள்ளை அழும், பாட்டி எங்களைத் திட்டுவார். ஆனால் பல குழந்தைகளிடம் அந்தக் கை வேலைக்கு வருகிறது. வீட்டில் நீங்களாகவே கையைக் கட்டிப்போட்டுச் செய்யாதீர்கள். யாருக்கு, எவ்வளவு நேரம் என்பதைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி தவறவிடப்படும் அறிகுறி ஒன்று இருக்கிறது. ஒரு வயதுக்கு முன்பே குழந்தை எதை எடுத்தாலும் ஒரே கையால் எடுத்தால், "இவன் பீச்சாங்கைக்காரன்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அந்த வயதில் இரண்டு கையும் ஏறத்தாழச் சமமாக நீள வேண்டும். ஒரு கை எப்போதும் முஷ்டி மடக்கியே இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பிரசவத்தின்போது கழுத்து நரம்பு இழுபட்டுத் தோள் தொங்கும் குழந்தைகளும் உண்டு. பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்கவில்லை என்றால் "தானா சரியாகிடும்" என்று காத்திருக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவையா என்று பார்க்கும் நேரம் அது.

போலியோவோடு வளர்ந்து இன்று ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவு காலம் இரண்டு கை வேலையையும் சுமந்தது உங்கள் நல்ல கை. ஊன்றுகோல் பிடிப்பவர்களுக்குத் தோள்பட்டைத் தசைநார்கள் தேய்ந்துபோவது சகஜம். போலியோ பாதித்த பக்கத்தில் புதிதாகச் சோர்வோ வலியோ தெரிந்தால், வீம்புக்கு உடற்பயிற்சியைக் கூட்டாதீர்கள். போலியோ வந்து பல வருடம் கழித்து இப்படி வலு குறைவது உண்டு, அதிகப் பயிற்சி அதை மோசமாக்கலாம். பரிசோதனைக்கு வரும்போது மெலிந்த கையை மட்டும் நீட்டாமல் நல்ல கையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.