பூட்டிக் கிடக்கும் வீடும் விளக்கெரியும் வீடும்

தருமபுரியில் வரி ஆலோசகனாக இருக்கும் எனக்கு அமெரிக்க வரியில் வேலை இல்லை. ஆனாலும் ஒரு பெரியவர், மகன் அனுப்பிய வீட்டு வரி பில்லை போனில் காட்டி, "இவ்வளவா சார்?" என்று கேட்டபோது விட மனம் வரவில்லை. மகனின் வீடு மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கடற்கரையோர பார்ன்ஸ்டபிள் ஊரில். கோடையில் கூட்டம் தாங்காது. குளிர்காலத்தில் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கும்.

அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு ஒரு கழிவு உண்டு. ஊரிலுள்ள வீடுகளின் சராசரி மதிப்பில், பொதுவாக 35 சதவீதம் வரை, ஊர் நிர்வாகம் ஒரு பங்கை முடிவு செய்யும். அதை வீட்டின் மதிப்பிலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் வரி. சராசரி 10 லட்சம் டாலர், கழிவு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 லட்சம் டாலர் வீட்டுக்கும் 2 லட்சம் கழியும், 20 லட்சம் டாலர் மாளிகைக்கும் அதே 2 லட்சம்தான். சின்ன வீட்டுக்காரருக்குத்தான் லாபம். ஊரின் மொத்த வசூல் குறையாது. வரி விகிதம் ஏறி, பாரம் விடுமுறை வீட்டுக்காரர்கள் பக்கம் சாயும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஜனவரி 1 அன்று அதுவே முதன்மைக் குடியிருப்பு என்று காட்டி விண்ணப்பிக்க வேண்டும். மகன் விண்ணப்பிக்கவே இல்லை. "வருஷம் பூரா இங்கதானே இருக்கோம், அவங்களுக்குத் தெரியாதா?" என்றாராம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒகேனக்கல் பரிசல்காரர், "நமக்கும் அப்படி உண்டா சார்?" என்றார். இல்லை. நம்மூரில் உள்ளூர்க்காரர், விடுமுறைக்கு வந்து போகிறவர் என்ற பிரிவினை வீட்டு வரியில் கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளில் ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அவர் வீடு ஊராட்சியில், அதனால் அதுவும் பொருந்தாது.

சரி, பரிசல்காரர் ஒரு வீட்டை மாத வாடகைக்கு விட்டிருக்கிறாரே? வருமான வரிக் கணக்கில், பழைய முறையோ புதியதோ, உரிமையாளர் கட்டிய வீட்டு வரியை, கட்டிய ஆண்டின் வாடகையிலிருந்து கழிக்கலாம். மிச்சத்தில் 30 சதவீதம் தனிக் கழிவு. குடியிருக்கும் வீட்டுக்கு இவை இரண்டும் இல்லை.

வீட்டு வரி ரசீதைக் கேட்டேன். கொண்டுவந்தார். அதில் இருந்தது இறந்துபோன தாத்தாவின் பெயர். அன்றைக்குப் பெயர் மாற்ற மனு மட்டும்தான் எழுதிக் கொடுக்க முடிந்தது.