செஸ்டர்ஃபீல்டின் முறுக்குக் கோபுரம்

வாசகர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, "இது நிஜமா, இல்லை கணினியில் செய்த வேலையா?" என்று கேட்டிருந்தார். கல் கோபுரத்தின் தலையில் ஒரு நெடிய கூம்பு. யாரோ அதைப் பிடித்துத் திருகி, ஒரு பக்கமாகச் சாய்த்தும் விட்டதுபோல் இருக்கிறது. நிஜம்தான். இங்கிலாந்தில் டார்பிஷயரின் செஸ்டர்ஃபீல்டு ஊர்ப் பங்குக் கோவில் அது, அதாவது ஊராருக்கான கிறிஸ்தவ தேவாலயம். தரையிலிருந்து நுனிவரை 228 அடி. நுனி, இருக்க வேண்டிய இடத்தைவிட்டு ஒன்பதரை அடி தள்ளி நிற்கிறது. போதாததற்கு 45 பாகை திருகலும் உண்டு. படத்தில் அதைவிட அதிகமாகத் திருகியதுபோல் தோன்றும். ஈயத்தகடுகளை மீன்முள் வடிவில் சாய்வாகப் பதித்திருப்பதால், எட்டுப் பட்டைக் கூம்பு பதினாறு பட்டையாகக் கண்ணை ஏமாற்றுகிறது.

இடைக்கால ஆங்கிலப் பங்குக் கோவிலின் அமைப்பு நமக்குப் பழகியதுதான்: கிழக்கே பலிபீடம், மேற்கே மக்கள் கூடும் நீண்ட கூடம், ஒரு கோபுரம். இது பெரிய கோவில் என்பதால் சிலுவை வடிவில் கட்டி, கோபுரத்தை நடுவில் வைத்தார்கள். கோபுரம் கல். கூம்பு முழுக்க ஓக் மரச்சட்டம், மேலே ஈயப் போர்வை. கூம்பு எழுந்தது சுமார் 1362இல்.

சாத்தான் அதன்மேல் உட்கார்ந்து வாலைச் சுற்றிக்கொண்டான் என்பது ஊர்க்கதை. இன்னொரு கதை, 1349 வாக்கில் கொள்ளைநோய் தேர்ந்த தச்சர்களை எல்லாம் கொண்டுபோய்விட்டது, மிச்சமிருந்தவர்கள் விவரம் தெரியாமல் காயாத பச்சை மரத்தில் கட்டிவிட்டார்கள் என்கிறது. எனக்குச் சாத்தான் கதையே மேல். அது அறிவியல் வேஷம் போடுவதில்லை. இடைக்காலத் தச்சர்கள் எல்லோருமே ஓக்கைப் பச்சையாகத்தான் இழைத்தார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது பெரும்பாடு. பச்சையில் செய்த கூரைகள் நூற்றுக்கணக்கில் இன்றும் நேராக நிற்கின்றன.

அப்படியானால் இங்கே என்ன நடந்தது? மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கே நன்றாகச் சுருங்கும். நார் சுழன்று வளர்ந்த மரமென்றால் காயக் காயத் தானே திருகும். அந்தத் திருகலைத் தடுக்கக் குறுக்குச் சட்டங்கள் வேண்டும். முக்கோணம் அசையாது, நாற்கரம் சாயும் என்பது பள்ளிப் பாடம். இந்தக் கூம்பில் குறுக்குச் சட்டங்கள் போதவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு வளையல்களுக்கு நடுவே எட்டு ஈர்க்குச்சிகளைச் செங்குத்தாகக் கட்டி, மேல் வளையலை லேசாகத் திருப்பிப் பாருங்கள். குச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். மேல் வளையல் கொஞ்சம் கீழே இறங்கும். குச்சியின் நீளம் மாறாது, சாய்ந்த குச்சிக்கு உயரம் குறைவு, அவ்வளவுதான். அதாவது திருகுவதும் கீழே இறங்குவதும் ஒரே காரியம். எடை எப்போதும் கீழேதான் போகப் பார்க்கும். சட்டத்தை நேராக அமுக்கிக் குட்டையாக்க முடியாத எடைக்கு, கூம்பைத் திருப்பிவிட்டு இறங்குவது சுலபமான வழி. எந்தத் திசையில் என்பதை ஒரு சின்னக் கோணல் முடிவு செய்தால் போதும். ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் பக்கத்துச் சட்டத்தையும் அதே திசையில் இழுக்கும்.

அந்த எடையைக் கொடுத்தது ஈயம், ஏறத்தாழ 33 டன். ஈயம் சும்மா கிடக்கும் உலோகமும் அல்ல. அது உருகுவது 327 டிகிரி செல்சியஸில். தனிச்சுழியிலிருந்து, அதாவது வெப்பநிலை அதற்குக் கீழே போகவே முடியாத −273 டிகிரியிலிருந்து கணக்கிட்டால், சாதாரண அறை வெப்பமே அதற்கு உருகுநிலையில் பாதி. இரும்பு அந்த நிலைக்கு வர 600 டிகிரிக்கு மேல் காய்ச்ச வேண்டும். ஆகவே ஈயம் தன் எடையிலேயே மெல்ல நீளும். வெயிலில் விரியும்போது சரிவில் கீழ்நோக்கி நகரும். குளிரும்போது முழுதாக மேலே ஏறி வராது. பிரிஸ்டல் பேராலயத்தில் 1851இல் தெற்குக் கூரையில் போட்ட ஈயம், இரண்டே ஆண்டில் 18 அங்குலம் சறுக்கியிருந்ததை ஹென்றி மோஸ்லி என்ற பாதிரியார் கவனித்தார். ஆணி அடித்துப் பார்த்தார்கள்; ஈயம் ஆணியையே பிடுங்கிக்கொண்டு நகர்ந்தது. மோஸ்லி இதைக்கொண்டு பனியாறுகள் நகர்வதை விளக்கப் போனார். பனியாறு விஷயத்தில் அவர் விளக்கம் நிற்கவில்லை, ஈயத்தில் நின்றது. இப்படிப் பழைய கூரையை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருக்கும் வேலைக்கு இன்று நிதி கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

செஸ்டர்ஃபீல்டிலும் வெயில் படுவது தெற்கே. கூம்பு சாய்ந்திருப்பது தென்மேற்கே. ஆனாலும் எல்லாப் பழியையும் ஈயத்தின் தலையில் கட்ட முடியாது. ஷ்ராப்ஷயரின் கிளியோபரி மார்ட்டிமர் கோவில் கூம்பில் ஈயத்துக்குப் பதில் மரச்சில்லுகள்தான். அதுவும் திருகித்தான் நிற்கிறது.

சரி, விழாதா? உள்ளே கூடான கூம்பின் எடைமையம், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்தான் இருக்கும். நுனி ஒன்பதரை அடி விலகினால் மையம் விலகுவது மூன்று அடி அளவுக்குத்தான். அது கோபுரத்தின் சுவர்களுக்குள்ளேயே விழுகிறது.