குழந்தைக்குத் தைத்த கையுறையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. பிறந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத குழந்தை, ராத்திரி முழுக்க வீறிட்டு அழுதிருக்கிறது. வயிற்றுவலி என்று சொட்டு மருந்து கொடுத்தாயிற்று, ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று (ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் அன்று அத்தனை தடவை சொல்லி அனுப்பியிருந்தோம், அது இருக்கட்டும்), உரம் விழுந்திருக்கும் என்று பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிப்போய் உரமும் எடுத்தாயிற்று. விடிந்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிறு உப்பவில்லை, காது சரியாக இருக்கிறது. துணி மொத்தத்தையும் அவிழ்க்கச் சொன்னேன். ஜப்லா, லங்கோடு, காலுறை எல்லாம் போயின. கையுறையை மட்டும் விட்டுவிட்டார்கள். "அது வேண்டாம் டாக்டரம்மா, முகத்தக் கீறிக்கும்." அதையும் கழற்றினால் வலது நடுவிரல் நாவற்பழ நிறத்தில் வீங்கிக் கிடக்கிறது, விரலின் அடியில் ஒரு மெல்லிய கோடு. உள்தையலிலிருந்து பிரிந்த ஒரே ஒரு நூல், விரலைச் சுற்றி இறுக்கி, தோலுக்குள் புதைந்துவிட்டிருந்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்து, நுனி மெல்லிய கத்தரியால் வெட்டி எடுத்தோம். விரல் பிழைத்தது. எல்லா விரலும் பிழைப்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகு பாட்டி சொன்ன வார்த்தையில்தான். "கடையில வாங்குனதுன்னா சொல்லுங்க டாக்டரம்மா. இது நானே தச்சது. என்னோட பழைய சுங்குடிச் சேலை, தொட்டுப் பாருங்க, எவ்வளவு மெத்துனு இருக்கு." உண்மைதான், தொட்டுப் பார்த்தேன், அருமையான துணி. பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி, புதுக் குழந்தையின் தோலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் பாட்டி, குழந்தையின் விரலை இறுக்கியது சேலை இல்லையே, நூல் அல்லவா?

இந்த ஒன்றைத்தான் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொன்னாலும் ஏற மாட்டேன் என்கிறது. 'வீட்டில் தைத்தது, அதனால் ஆபத்தில்லை' என்று ஒரு நினைப்பு. ரசாயனம் இல்லை, சாயம் போகாது, தோலில் அரிப்பு வராது, இதெல்லாம் சரி. பாசத்தோடு தைத்தது, அதுவும் சரி. ஆனால் நீங்கள் தைக்கும் நூல் எது? துணி உங்கள் சேலையாக இருக்கலாம், மெஷினில் மாட்டியிருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் நூல், இழுத்தாலும் அறாது என்பதற்காகவே வாங்குவது. வளர்ந்தவர்களுக்கு நாம் தைக்கும் எல்லாவற்றிலும் வெளிப்பக்கத்தைத்தான் அழகாக முடிப்போம். உள்ளே ஓரம் பிசிறிக்கொண்டிருக்கும், பாபின் நூல் (மெஷினின் அடியிலிருந்து வரும் நூல்) வால் விட்டிருக்கும், தையல் முடிந்த இடத்தில் முடிச்சுப் போடாமல் வெட்டியிருப்போம். ரவிக்கையில் அது பரவாயில்லை. ஆனால் கையுறைக்குள் அந்தக் குழந்தையின் ஐந்து விரலும் நாள் முழுக்க துழாவிக்கொண்டே இருக்கிறது, அதுவும் உங்கள் அழகான வெளிப்பக்கத்தில் இல்லை, அந்தப் பிசிறில்தான். கடையில் வாங்கியதும் இதே லட்சணம்தான், அதிலும் உள்ளே நூல் தொங்கும். ஆகவே கடையா வீடா என்ற பட்டிமன்றமே வேண்டாம். உள்பக்கம் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

இன்னொன்று, அந்தக் கையுறை எதற்கு? முகத்தைக் கீறிக்கொள்ளும் என்கிறீர்கள். கீறிக்கொள்ளட்டும். அந்தக் கீறல் ஓரிரு நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். நகம் நீண்டிருந்தால் குழந்தை அசந்து தூங்கும்போது மெல்லிய அரத்தால் தேய்த்துவிடுங்கள், பயமில்லை என்றால் குழந்தை நகவெட்டியால் வெட்டிவிடுங்கள். கை ஜில்லென்று இருக்கிறது என்று மூடுகிறவர்களும் உண்டு. பிறந்த குழந்தைக்குக் கையும் காலும் சற்றே குளிர்ந்து, லேசாக நீலம் பாய்ந்துகூட இருக்கும். குளிர்கிறதா என்று பார்க்க நெஞ்சையோ வயிற்றையோ தொட்டுப் பாருங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது பசி வந்துவிட்டது என்று குழந்தை சொல்லும் முதல் சேதி, அழுகை கடைசிச் சேதி. கையை மூடி வைத்துவிட்டு, பால் பத்தவில்லை, குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களை என்ன செய்ய?

சரி, தைத்தே தீருவேன் என்றால் இப்படித் தையுங்கள். தையல் மடிப்பு வெளியே இருக்கட்டும், உள்ளே வழவழப்பாக இருக்கட்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், குழந்தைக்குத் தெரியாது. அல்லது ஓரம் முழுக்க மடிப்புக்குள் போய் மூடிக்கொள்ளும்படி இரண்டு முறை தையுங்கள். துணியின் ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடித்து வாங்கினால் மூலையில் சங்கிலி போல ஒரு வால் விடுவார்கள், அதை வெறுமனே வெட்டக் கூடாது, ஊசியில் கோத்துத் தையலுக்குள்ளேயே இழுத்து விட வேண்டும், வெட்டினால் அடுத்த துவைப்பில் பிரிய ஆரம்பிக்கும். மணிக்கட்டில் எலாஸ்டிக் வேண்டாம். ஜப்லாவில் பூ வேலை, யானை, மயில் எல்லாம் போடுகிறார்கள், முன்னால் பிரமாதமாக இருக்கிறது, பின்னால் நூல் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நீளமாகத் தாவிப் போகிறது. பூ வேலை செய்வதென்றால் பின்னால் இன்னொரு மெல்லிய துணி வைத்து மூடிவிடுங்கள். முக்கியமாக, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வைத்திருக்கும் அந்தக் கண்ணாடி நைலான் நூல் குழந்தைத் துணிப் பக்கமே வரக் கூடாது. அது விரலில் சுற்றினால் லென்ஸ் வைத்தும் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தைத்த அன்று பார்த்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், தொங்குவதை வெட்டுங்கள்.

காலுறைக்கும் இதேதான். கால்விரலில் நூலைவிட அம்மாவின் தலைமுடிதான் அதிகம் சுற்றும். பிரசவமாகிச் சில மாதத்தில் முடி கொட்டும் காலமும் அதுதான். ஆண் குழந்தைகளுக்குக் குறியைச் சுற்றியும் முடி இறுக்கிக்கொள்வதுண்டு, லங்கோடு மாற்றும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணமே தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் முதலில் எல்லாத் துணியையும் கழற்றுங்கள். எல்லாவற்றையும் என்றால் கையுறை, காலுறை, இடுப்புக் கயிறு, கைக் கயிறு எல்லாம். பத்து விரலையும் பத்து கால்விரலையும் பிரித்துப் பாருங்கள். ஒரே ஒரு விரல் மட்டும் சிவந்தோ நீலமாகவோ வீங்கியிருந்து, அதன் அடியில் வெட்டியது போல் ஒரு கோடு தெரிந்தால், நூலின் முனை தெளிவாகக் கைக்கு வருகிறது என்றால் மட்டும் வெட்டி எடுங்கள். வராவிட்டால் பிளேடை எடுக்காதீர்கள், எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், கிளம்பி வாருங்கள், நள்ளிரவானாலும் சரி. முடி நீக்கும் கிரீம் தடவினால் கரைந்துவிடும் என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள் போல. முடியாக இருந்து, தோல் கிழியாமல் இருந்தால் நாங்களே சில சமயம் அதைப் பயன்படுத்துவோம். பாலியஸ்டர் நூலை அது ஒன்றும் செய்யாது. நீங்கள் அதைத் தடவிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் விரல் போய்விடும்.

அடுத்தது மெத்தை, போர்வை, தலையணை. இதில் நான் சொல்வது நிறையப் பேருக்குப் பிடிப்பதில்லை. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை தைப்பது அழகான வேலை. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிராவில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி என்று ஊருக்கு ஊர் உண்டு, இப்போது நம் ஊர்ப் பெண்களும் வீடியோ பார்த்து வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு விதவிதமாகத் தைக்கிறார்கள். தையுங்கள். உங்களுக்குத் தையுங்கள், பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளைக்குத் தையுங்கள், விழித்திருக்கும் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்ட தரை விரிப்பாகத் தையுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் மட்டும் அது வேண்டாம். போர்வை, தலையணை, இரண்டு பக்கமும் வைக்கும் குட்டித் திண்டு, பொம்மை எதுவும் வேண்டாம். முகத்தில் விழுந்தால் தள்ளிவிட அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அமெரிக்காவில் 1994-இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி ஒரு பெரிய பிரசாரம் தொடங்கினார்கள், அடுத்த சில ஆண்டுகளில் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு அணைகளை 2022-இல் சட்டம் போட்டே அங்கு தடை செய்துவிட்டார்கள். இங்கோ வளைகாப்புக்குப் பரிசாகவே அதைத் தைத்துக் கொடுக்கிறோம்.

கடுகுத் தலையணை. தலை உருண்டையாக வரவேண்டுமாம். மல்லாக்கப் படுக்கும் குழந்தைக்குப் பின்தலை கொஞ்சம் தட்டையாவது சகஜம், உட்கார ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் தானாகச் சரியாகும். படுக்கும்போது தலையை ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் திருப்பிவிடுங்கள், விழித்திருக்கும்போது உங்கள் கண் முன்னால் குப்புறப் போடுங்கள். கடுகு என்ன செய்யும் என்றால், தையல் ஒரு இடத்தில் விட்டால் மூக்குக்குள் போகும், காதுக்குள் போகும். தூளிக்குள் தலையணை வைப்பது இன்னும் மோசம். தூளியே வளைந்திருக்கிறது, தலையணையும் வைத்தால் தாடை நெஞ்சில் மடங்கி மூச்சுப் பாதை அடைபடும்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தையை நாலு போர்வைக்குள் சுருட்டிக் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் போனபோது, குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிக் கதகதப்பாக வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் பாடம், நம் அரசு மருத்துவமனைகளிலும் கங்காரு பராமரிப்பு என்று சொல்லித் தருகிறார்கள். தைக்க ஆசையாக இருந்தால் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்ட ஒரு நல்ல பருத்தித் துணியை ஓரம் அடித்துக் கொடுங்கள், அதுவே உங்கள் மருமகளுக்குப் பெரிய உதவி.

பொம்மை தைக்கிறவர்கள் கண்ணுக்குப் பட்டனோ மணியோ வைக்காதீர்கள், நூலாலேயே கண் போட்டுவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மைப் பாகங்களைச் சோதிக்கும் உருளையின் அகலம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கிப் போவது எதுவும் ஆகாது. உங்கள் டப்பாவில் உள்ள எந்தப் பட்டன் அதைவிடப் பெரியது? கைப்பைக்கு வைக்கும் காந்த பட்டனைப் பற்றி இன்னும் கவனம். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பு நடுவில் மாட்டி ஓட்டை விழும், அறுவைச் சிகிச்சை வரை போகும். கழுத்தில் நாடா வைத்துத் தலைமூடி தைப்பதையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பியத் தரவிதியில் 7 வயதுக்குட்பட்டவர்களின் தலைமூடியிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டும் கயிறே கூடாது.

கடைசியாக ஊசி. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், சிரித்தாலோ இருமினாலோ உள்ளே போய்விடும், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் அதையே செய்யும். போர்வைக்குக் குத்தும் ஊசிகளையும் ஊக்குகளையும் குத்தும்போதே எண்ணி எழுதிவையுங்கள், எடுக்கும்போது கணக்குச் சரியாக வந்தால்தான் போர்வையை விரிக்க வேண்டும். குழந்தை ஊசியையோ ஊக்கையோ விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுக்காதீர்கள், சோற்று உருண்டை கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயில் எதுவும் கொடுக்காமல் எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். திடீரென்று இருமல் தொடங்கி, பிறகு அடங்கிவிட்டது என்றாலும் வந்துவிடுங்கள், மூச்சுக்குழாயில் போயிருக்கலாம்.

மோட்டார் மெஷினின் மிதி பெடலைத் தவழும் பிள்ளை கையால் அழுத்திவிடும், ஆகவே எழுந்து போகும்போது சுவிட்சை அணைத்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பழைய கால்மெஷினில் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல் விடும் பிள்ளைகள் வேறு வருகிறார்கள், மெஷினுக்கு மூடி போடுங்கள், இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். விரலில் மெஷின் ஊசி இறங்கிவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி ஊசியை மேலே தூக்குங்கள். ஊசி உடைந்திருந்தால் மெஷினில் மிச்சமிருக்கும் துண்டைக் கழற்றி, கீழே விழுந்த துண்டையும் தேடி, எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டுவாருங்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் எலும்புக்குள் எவ்வளவு நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் யோசித்துக்கொண்டே வாருங்கள், நான் கட்டாயம் கேட்பேன்.