நுண்படம் வேண்டாம், கிட்டப்படம் என்போம்

கடற்புல் தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடல் குதிரை நிற்கிறது. அருமையான படம். கீழே ‘கடல் குதிரையின் நுண்படம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராமேசுவரத்துக்கு அருகே இருக்கும் மண்டபம் என்ற ஊரில் ஒரு கண்காட்சியில் இதைப் பார்த்தேன். அதற்கு முன்பே ஒரு கையேட்டிலும் நாளிதழிலும் இதே சொல் கண்ணில் பட்டிருக்கிறது. படத்தை எடுத்தவரிடம் இருந்தது கைக்கு அடக்கமான ஒரு காம்பாக்ட் கேமரா. நுண்ணோக்கி எதுவும் அவர் கொண்டுபோகவில்லை. சின்ன உயிரின் கிட்டப் போய் எடுக்கும் இந்த வகைப் படத்தை ஆங்கிலத்தில் ‘மேக்ரோ’ என்கிறார்கள். அப்புறம் ‘நுண்’ எங்கிருந்து வந்தது?

சொல்லின் கதை சின்னதுதான். ‘மேக்ரோ’ கிரேக்கத்து ‘மாக்ரோஸ்’ என்பதிலிருந்து வந்தது. நீண்ட, பெரிய என்று பொருள். ‘மைக்ரோ’ சிறியதைக் குறிக்கும் ‘மிக்ரோஸ்’. பத்து மடங்குக்குக் குறைவாகப் பெருக்கிய படத்துக்கு ‘போட்டோமேக்ரோகிராப்’ என்று பெயர் வைக்கலாம் என 1899இல் வால்ம்ஸ்லி என்பவர் சொன்னார். நுண்ணோக்கி வழியே எடுக்கும் படத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதுதான் அவர் நோக்கம். பிரிப்பதற்காகப் பிறந்த சொல்லை மொழிபெயர்க்கிறோம் என்று நாம் இரண்டையும் மறுபடி ஒன்றாகக் கட்டிவிட்டோம்.

‘நுண்படம்’ என்பவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். நிக்கான் நிறுவனமே தன் மேக்ரோ லென்சுக்கு ‘மைக்ரோ நிக்கோர்’ என்றுதானே பெயர் வைத்திருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1956இல் வந்த முதல் மைக்ரோ நிக்கோர், மைக்ரோபிலிம் வேலைக்கான லென்சின் வழியில் உருவானது. ஜப்பானியர் எழுதும் கான்ஜி எழுத்துகளில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். அவற்றைச் சின்னப் படச்சுருளில் தெளிவாகப் பதிக்க நல்ல லென்சு வேண்டியிருந்தது. அங்கே ‘மைக்ரோ’ என்றால் ஒரு பெரிய பக்கத்தைச் சிறிதாக்கிப் பதிப்பது. கடல் குதிரையின் கண்ணைப் பெரிதாகக் காட்டுவது அதற்கு நேர் எதிர் வேலை. போதாததற்கு, நம் நூலகங்களில் மைக்ரோபிலிமுக்குத்தான் நுண்படம், நுண்படச் சுருள் என்ற பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. ஒரு சொல்லுக்கு எத்தனை வேலைதான் கொடுப்பது?

மண்டபத்தில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் தலைமையிடமாக வைத்திருந்த ஊர் இது. அதன் நிலையம் இன்றும் இங்கே இருக்கிறது. கடல் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்தப் படத்தை நுண்படம் என்று சொன்னால்கூட ஒரு பொருத்தம் இருக்கிறது. அதையும் பாம்பன் பாலத்துக்குக் கீழே எடுத்த நண்டுப் படத்தையும் ஒரே பெயரில் அழைத்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன புரியும்? நான் சொன்ன கண்காட்சியில் ஒரு சிறுமி தன் அப்பாவிடம், “கடல் குதிரை கண்ணுக்கே தெரியாதாப்பா?” என்று கேட்டாள். விரல் நீளத்துக்கு வளரும் உயிர். அதைப் பிடிப்பதே குற்றம் என்று சட்டம் இருப்பதால் கையில் எடுத்து வந்து காட்டவும் முடியாது. அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது படமும் அதன் கீழ் இருக்கும் இரண்டு சொல்லும்தான். அதில் ஒன்று தப்பாக இருக்கிறது.

சரி, ‘பேரியல் ஒளிப்படம்’ என்கிறார்களே, அது? பொருளாதாரப் பாடநூலில் ‘மேக்ரோ’வுக்குப் பேரியல் என்று இருக்கிறது, அதை அப்படியே பிடுங்கி இங்கே நட்டது அது. ‘பெரிதாக்கும் படம்’ என்று பொருள் சொல்லிக் காப்பாற்றலாம் என்றால், காம்பாக்ட் கேமராவில் அதுவும் நிற்காது. மேக்ரோ என்பதற்குக் கறாரான இலக்கணம், உணரியில், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதிக்கும் சென்சாரில், விழும் உருவம் பொருளின் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது. ‘ஃபுல் ஃபிரேம்’ எனப்படும் முழுச்சட்டக் கேமராவின் உணரி 36 மில்லிமீட்டர் அகலம். பல காம்பாக்ட் கேமராக்களின் உணரி அகலமோ சுமார் 6 மில்லிமீட்டர்தான். 36 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓடில்லாக் கடல் நத்தை ஒன்றைச் சட்டம் நிறைய எடுத்தால், முன்னதில் அது மேக்ரோ. பின்னதில் உணரியில் விழும் உருவம் ஆறில் ஒரு பங்கு. இலக்கணப்படி அது மேக்ரோவே இல்லை. ஆனால் திரையில் பார்த்தால் இரண்டிலும் அதே நத்தை, அதே கொம்பு, முதுகில் அதே செவுள் கொத்து. பெருக்கத்தை வைத்துப் பெயரிட்டால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: கேமரா உயிரின் கிட்டப் போயிருக்கிறது. கடலுக்குள் அதுதான் எல்லாமே. நடுவில் இருக்கும் நீர் முதலில் சிவப்பைத் தின்கிறது. நாலைந்து மீட்டர் ஆழத்திலேயே செம்பவளம்கூட மங்கிப் பழுப்பாகிவிடும். ஃபிளாஷ் போட்டால், கேமராவுக்கும் உயிருக்கும் நடுவே மிதக்கும் தூசியெல்லாம் வெளிச்சம் பட்டுப் பனி கொட்டியதுபோலப் படத்தில் விழும். நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறைப்பதுதான் வழி. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிக் கிடக்கும். வாடைக் காற்று வந்தால் வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் அதே கதை. அந்தக் கலங்கலில் பத்தடி தள்ளி நிற்கும் பவளப்பாறையைப் படம் எடுத்தால் சாம்பல் சுவர்தான் கிடைக்கும். அதே பாறையின் ஒரு விரற்கடை இடத்தை, லென்சு தொடாத குறையாக நெருங்கி எடுத்தால், பவள உயிரி ஒவ்வொன்றும் தன் சின்னக் கைகளை விரித்திருப்பது தெரியும். ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் குவியும் காம்பாக்ட் கேமராக்கள் இருக்கின்றன. பெரிய கேமராக்காரர்கள் பொறாமைப்படும் இடம் அது.

ஆகவே ‘கிட்டப்படம்’ என்பதே சரி என்பது என் துணிபு. ‘கிட்டுதல்’ என்றால் நெருங்குதல். கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று கண் மருத்துவமனைப் பலகையில் எல்லாரும் படிக்கிறோம். யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. பேச்சுவழக்குச் சொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படியானால் கிட்டப்பார்வையை முதலில் நீக்கட்டும். சினிமாக்காரர்களின் ‘அண்மைக் காட்சி’யை ஒட்டி அண்மைப்படம் என்றால், இன்று அது ‘சமீபத்தில் எடுத்த படம்’ என்றே காதில் விழும். நெருக்கப்படம் என்றால் பேருந்துக் கூட்டம் நினைவுக்கு வரும். அணுக்கம் என்றால் நெருக்கம்; அணுக்கப்படம் எனக்குப் பிடித்த சொல்தான்; தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் இருக்கிறது. ஆனால் இன்றைய மாணவர் அதைப் பார்த்ததும் அணுகுண்டு அணுவைத்தான் நினைப்பார். மறுபடி ‘நுண்’ணுக்கே போய்விடுவோம்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குள்ள மனக்குறை இதுதான். முன்னொட்டைப் பார்த்ததும் அட்டவணையைத் திறக்கிறார்கள். மைக்ரோ என்றால் நுண், மேக்ரோ என்றால் பேர், முடிந்தது வேலை. அந்த வேலையைச் செய்கிறவர் என்ன செய்கிறார் என்று ஒரு முறையாவது பார்ப்பதில்லை. கேமரா செய்தவர்கள்கூடக் கிட்டப் போய் எடுக்கும் வசதிக்குப் பூப்படம் போட்ட குறியைத்தான் வைத்தார்கள். பெரிது, சிறிது என்ற பேச்சே அதில் இல்லை. முத்தும் சங்கும் எடுக்க மூழ்குவதைக் ‘குளித்தல்’ என்று கீழக்கரை சொன்னது. மூழ்குகிறவரைக் குளியாள் என்றது. செய்கிற செயலிலிருந்து பெயர் எடுக்கும் அந்தப் பழக்கம் இந்தக் கரையில் இருந்தது. கலைச்சொல் குழுக்களுக்கு அது ஏன் வரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி நீரடிக் கிட்டப்படம், இரவுக் கிட்டப்படம் என்று தாராளமாக எழுதலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். லென்சுக்குத் தமிழில் வில்லை என்று பெயர் இருக்கிறது என்பதற்காக, கேமராவின் முகப்பில் மாட்டும் கூடுதல் லென்சைக் ‘கிட்டவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. கிடைக்கவில்லை என்று பொருளாகிவிடும். அதற்கு முன்வில்லை என்பது போதும்.